முதலாளி இல்லாத பெண்ணுக்கு ஊரெல்லாம் முதலாளி

நம்பிக்கைகளும் உண்மைகளும்

கம்பத்திலிருந்து மலைப்பாதை ஏறி முடிகிற இடம் கம்பம்மெட்டு. செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கி. விடிகாலையில் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலேறும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. என்ன உடுத்த வேண்டும் என்பதைத் தோட்ட வேலையே அவர்களுக்குச் சொல்லிவிடுகிறது.

அதே சாலையோரம் டீக்கடை போட்டிருப்பவர், வீட்டு முன்னறையில் தையல் மிஷின் வைத்திருப்பவர், பார்லர் நடத்துபவர், ஆட்டோ ஓட்டுபவர், நெடுங்கண்டத்திலோ உத்தமபாளையத்திலோ வழக்காடப் போகிறவர் ஆகியோரின் கதை வேறு. யூனிஃபார்ம் கொடுக்கவோ, இது போதும் என்று சொல்லவோ அவர்களுக்கு முதலாளி கிடையாது. அதனாலேயே ஆளாளுக்கு முதலாளி ஆகிவிடுகிறார்கள். மாமியார் ஒன்று சொல்வார், பக்கத்துக் கடைக்காரர் ஒன்று சொல்வார், யூடியூப் பயிற்சியாளர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். இதில் தொழில் கேட்கிற உடை எது, ஊர் கேட்கிற உடை எது?

நம்பிக்கை 1: சேலைதான் மரபு. சந்தைக்கும் கடைக்கும் நம் பெண்கள் அடக்கமாக உடுத்தித்தான் போனார்கள்.

உண்மை: கம்பம்மெட்டு மலை 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அந்தச் சமஸ்தானத்தின் தென்கோடியில், இன்றைய குமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்கள் மார்பை மூடி மேலாடை போட்டதே குற்றமாகப் பார்க்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் நீண்ட தோள்சீலைப் போராட்டத்தில் சந்தைக்குப் போன பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26 அன்று வந்த அரச அறிவிப்பு மேலாடை போட அனுமதித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக்கூடாது என்று ஒரு வால் இருந்தது. அன்று மூடிக்கொண்டது குற்றம், இன்று ஷால் போடாதது குற்றம். உடுத்துகிறவளிடம் இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை.

அரசு வேலையிலேயே இன்று சேலை மட்டும்தான் என்ற நிலை இல்லை. தமிழ்நாடு தலைமைச் செயலக ஊழியர்களுக்கான 2019 உத்தரவு சேலையோடு சுடிதாரையும் துப்பட்டாவுடன் ஏற்றுக்கொண்டது. ஆசிரியைகளைச் சேலை கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று கேரள உயர்கல்வித் துறை 2021 நவம்பரில் தெளிவுபடுத்தியது. சம்பளம் கொடுக்கிற அரசே இறங்கி வந்த பிறகு, பத்துப் பைசா கொடுக்காதவர்கள் சேலைக்காகக் கொடி பிடிப்பதில் அர்த்தமில்லை.

நம்பிக்கை 2: சொந்தத் தொழில்தானே, சட்டப்படி எந்த உடை விதியும் கிடையாது.

உண்மை: பெரும்பாலான தொழில்களுக்குக் கிடையாது. சிலவற்றுக்கு உண்டு, அவற்றை எழுத்தில் படித்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் எழுத்தில் இருப்பதும் ஊர் சொல்வதும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை.

முதலில் டீக்கடை. வியாபாரத்தில் உட்காரும் பெண் தலை நிறையப் பூ, கை நிறைய வளையல் என்று இருக்க வேண்டும் என்பது ஊர் கணக்கு. உணவுப் பாதுகாப்பு உரிமம் தொடர்பான 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் நான்காம் அட்டவணை கேட்பது நேர் எதிர். உணவைக் கையாள்பவர் தலைமுடியை மூட வேண்டும், நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், காயம் இருந்தால் கட்ட வேண்டும், உணவில் விழக்கூடிய நகை அணியக்கூடாது. பழம்பொரி போடும் சட்டி முன் நிற்பவருக்கு ஒரு பருத்தித் தொப்பியும் துவைத்த ஏப்ரனும் இருந்தால் விதி நிறைவேறிவிடும். பட்டுச்சேலை கட்டினால் நிறைவேறாது.

அடுத்தது வழக்கறிஞர். பெண் வக்கீல் என்றால் வெள்ளைச் சேலை கட்டாயம் என்று கட்சிக்காரர்கள் மட்டுமல்ல, சில மூத்த வக்கீல்களே நினைக்கிறார்கள். இந்திய பார் கவுன்சில் விதி சேலையோடு நீளப் பாவாடை, சுடிதார், சல்வார் எல்லாவற்றையும் அனுமதிக்கிறது. நிறம் அடக்கமாக இருக்க வேண்டும், கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் வேண்டும். கவுன் உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும்தான் கட்டாயம். கோடையில் கீழ் நீதிமன்றங்களில் கறுப்புக் கோட்டுக்கும் விலக்கு உண்டு. உத்தமபாளையம் வெயிலில் இதைத் தெரிந்து வைத்திருப்பது உடம்புக்கு நல்லது.

ஆட்டோ ஓட்டுபவருக்குக் காக்கி. மலைக்கு மேலும் கீழும் பெண்கள் சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். வீடு வீடாக பிளாஸ்டிக் சேகரிக்கும் கேரளத்து ஹரித கர்ம சேனைப் பெண்களுக்குப் பச்சைக் கோட்டு. கேரள அரசின் மகளிர் திட்டமான குடும்பஸ்ரீயின் கணக்கில் அவர்களும் தொழில்முனைவோர்தான். வந்திருப்பவர் யார் என்று தூரத்திலேயே தெரிவதால் கதவும் திறக்கும், மாதக் கட்டணத்தைத் தயங்காமல் கேட்கவும் முடியும். உடையால் தொழிலுக்கு உண்மையிலேயே கிடைக்கும் லாபம் இதுதான்.

நம்பிக்கை 3: எதிரில் இருப்பவர் நம்மை எடைபோடுவதில் 93 சதவீதம் தோற்றம், வெறும் 7 சதவீதம்தான் பேச்சு.

உண்மை: சுயதொழில் பயிற்சி முகாம்களில் திரையில் வந்து போகும் எண் இது. பிறந்த இடம் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள். ஒற்றைச் சொற்களை வேறு வேறு குரலில் ஒலிக்கவிட்டார், முகபாவப் படங்களைக் காட்டினார், பேசுபவருக்கு விருப்பமா வெறுப்பா என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தக் கணக்கில் உடைக்கு இடமே இல்லை. உணர்ச்சியையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சுக்கு வெளியே இந்த எண் பொருந்தாது என்று அவரே பின்னாளில் சொன்னார். அந்த 93 சதவீதம் உண்மையென்றால் கப்பைக்கிழங்கு என்ன விலை என்று யாரும் கடைக்காரம்மாவிடம் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

இன்னொன்றும் முகாம்களில் வரும். கோட்டு போட்டால் மூளை கூர்மையாகும் என்பார்கள். மருத்துவரின் வெள்ளைக் கோட்டை வைத்து 2012இல் நடந்த ஆய்வு அதற்கு ஆதாரம். அதே சோதனையை இன்னொரு குழு முறைப்படி மறுபடி செய்து 2019இல் வெளியிட்டது. பழைய விளைவு கிடைக்கவில்லை.

நம்பிக்கை 4: முகத்தில் லட்சணம் இருந்தால்தான் போணி ஆகும்.

உண்மை: இதை முழுப் பொய் என்று தள்ள முடியாது. அமெரிக்கா, கனடா தரவுகளை வைத்து ஹேமர்மெஷும் பிடிலும் 1994இல் வெளியிட்ட பொருளாதார ஆய்வில், தோற்றத்தில் சராசரிக்குக் கீழே என்று மதிப்பிடப்பட்டவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தது தெரிந்தது. ஓரவஞ்சனை இருக்கிறது. ஆனால் 2016இல் வாங், பென்னர் என்ற இருவர் இதை இன்னும் பிரித்துப் பார்த்தார்கள். பெண்களைப் பொறுத்தவரை, லட்சணமானவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் வருமானம் பிறவி அழகால் வந்ததல்ல, தன்னைச் சீராக வைத்துக்கொள்வதால் வந்தது என்று தெரிந்தது. வாரிய தலை, துவைத்துத் தேய்த்த துணி போன்றவை பத்து ரூபாய்க் காரியம். முகத்தை வெளுக்கும் கிரீமுக்கு ஆயிரக்கணக்கில் அழுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். அதே நேரம், வீட்டையும் பார்த்துக் கடையையும் திறப்பவருக்குக் கண்ணாடி முன் நிற்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை ஆண் கடைக்காரரிடம் யாரும் கேட்பதில்லை.

ஆனால் போணிப் பேச்சு அழகோடு நிற்பதில்லை. பொட்டு இல்லாத பெண் கடை திறந்தால், கணவனை இழந்தவர் முதல் காசை வாங்கினால் வியாபாரம் ஓடாது என்று மலையிலும் சொல்வார்கள், கீழே கம்பம் பள்ளத்தாக்கிலும் சொல்வார்கள். கேரள அரசின் வேலைவாய்ப்புத் துறை இந்தப் பெண்களுக்காகவே சரண்யா என்றொரு சுயதொழில் திட்டம் வைத்திருக்கிறது. கணவனை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், 30 வயது கடந்தும் மணமாகாதவர் போன்றோருக்கு 50,000 ரூபாய் வரை கடன், அதில் பாதி மானியம். அரசாங்கம் காசு கொடுத்துக் கல்லாவில் உட்காரச் சொல்கிறது. ராசியில்லை என்று எழுப்பிவிட நினைப்பவர் அந்தக் கடனில் ஒரு தவணையாவது கட்டட்டும்.

நம்பிக்கை 5: நைட்டியோடு உட்கார்ந்து தைத்தால் தொழிலுக்கு மரியாதை இல்லை.

உண்மை: 2018இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டம் தோகலபள்ளியில் ஊர்ப் பெரியவர்கள் பகலில் நைட்டி போடக்கூடாது என்று தடை விதித்தார்கள். மீறினால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு. ஊர்க்கூட்டத்தின் இப்படிப்பட்ட கட்டளைக்குச் சட்ட பலம் கிடையாது. நம் ஊரில் அபராதம் இல்லை, பேச்சு மட்டும் உண்டு.

வீட்டுத் தையல்காரரின் முன்னறையைப் பாருங்கள். பூப்போட்ட நைட்டி, தோளில் துண்டு, கழுத்தில் இஞ்ச் டேப். மிஷினுக்குப் பக்கத்தில் அளவு ப்ளவுஸ்கள் பெயர்ச் சீட்டோடு குவிந்திருக்கும். வாசலில் ஆள் வந்தால் துண்டு சரியான இடத்துக்கு வரும், ‘வாங்க சேச்சி’ என்று பேச்சு தொடங்கும். வருகிறவர் குறை சொன்னால் நைட்டியைப் பற்றிச் சொல்வதில்லை. கை இறுக்கம், கழுத்து இறக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்ன தேதிக்குத் தரவில்லை என்பதுதான் குறை. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் நாள் தவறாமல் கொடுக்கும் தையல்காரரின் நைட்டி யார் கண்ணுக்கும் படாது.

நைட்டியில் உண்மையான சிக்கல் வேறு. தொளதொளவென்ற பாலியஸ்டர் துணி அடுப்பருகே ஆபத்து. ஊர் மெச்சும் உடைகளும் இதில் சளைத்தவை அல்ல. மோட்டார் மிஷினின் சக்கரத்திலும் மாவு மில்லின் பெல்ட்டிலும் சிக்குவது முந்தானையும் ஷாலும்தான். பலகாரம் போடுபவரும் மில் வைத்திருப்பவரும் பருத்தி உடுத்தி, தொங்குவதைச் செருகி, முடியை முடிந்துகொள்ள வேண்டும். எந்த மாமியாரும் சொல்லித் தராத உடை விதி இது.

நம்பிக்கை 6: நல்ல சேலை கட்டிப் போனால்தான் பேங்கில் கடன் கிடைக்கும்.

உண்மை: காய்கறிக் கூடையும் கந்தைத் துணியும் சுமந்த பெண்களுக்கு வங்கிகள் கதவைத் திறக்காத காலம் இருந்தது. அதனால்தான் அகமதாபாத்தில் எலா பட்டின் சேவா அமைப்பைச் சேர்ந்த 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டு 1974இல் சொந்த வங்கியே தொடங்கினார்கள். இன்று முத்ரா கடனில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கிறது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசமாகவே முடிந்துவிடும். விண்ணப்பத்தில் உடைக்குக் கட்டம் இல்லை. மேனேஜர் முகம் சுளிக்கலாம். ஆனால் கோப்பில் அவர் எழுத வேண்டியது பழைய கடன் வரலாறும் கணக்கில் வந்து போன பணமும்தான்.

இங்கேதான் பலருக்கு அடி சறுக்குகிறது. கடையை நடத்துவது மனைவி, ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு கணவர் பெயரில். நாளெல்லாம் ஜிபேயில் விழும் பணம் அவர் வருமானமாகப் பதிவாகிறது. கடன் கேட்டுப் போகும் நாளில் காஞ்சிபுரமே கட்டிப் போனாலும் பாஸ்புக் காலியாக இருக்கும். முதலில் மாற்ற வேண்டியது அந்த க்யூஆர் கோட்டை.

நம்பிக்கை 7: தொழிலுக்காக வாங்கும் துணிதானே, கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ளலாம்.

உண்மை: பிரிட்டனில் ஆன் மல்லாலியூ என்ற பெண் வழக்கறிஞர் இதைக் கடைசிப் படி வரை கொண்டுபோனார். நீதிமன்ற விதிக்காக மட்டுமே கறுப்பு உடை வாங்குகிறேன், இல்லாவிட்டால் அதைத் தொடவே மாட்டேன், ஆகவே அது தொழில் செலவு என்பது அவர் வாதம். 1983இல் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. உடை குளிரைத் தாங்கவும் மானம் காக்கவும் மனிதருக்குத் தேவை, ஆகவே அதில் தனிப்பட்ட நோக்கமும் கலந்திருக்கிறது என்றது தீர்ப்பு. இந்தியாவிலும் தனிப்பட்ட செலவைத் தொழில் செலவாகக் கழிக்க வருமான வரிச் சட்டம் விடுவதில்லை. விற்பனையில் 8 சதவீதத்தை, டிஜிட்டலாக வந்த பணத்துக்கு 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டும் சிறு வியாபாரிக்கு எந்தச் செலவையும் தனியாகக் கழிக்க வழியே இல்லை. சம்பளக்காரருக்காவது சீருடைப் படி என்று ஒன்று கிடைக்கலாம். சொந்தத் தொழில் செய்பவருக்கு அதுவும் கிடையாது.

ஆக, பார்ட்டிக்கு முன் நிற்க வேண்டும் என்று வாங்கும் ஒவ்வொரு சேலையும், ஒவ்வொரு சுடிதாரும் லாபத்திலிருந்து, வீட்டுச் செலவுக்கான பணத்திலிருந்து போகிறது. அடுப்பும் மிஷினும் கேட்கும் உடைக்கும், விதி எழுத்தில் கேட்கும் கோட்டுக்கும் தொப்பிக்கும் அந்தப் பணத்தை யோசிக்காமல் எடுக்கலாம். மற்றதெல்லாம் அவரவர் ஆசை. பிடித்திருந்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். உடை தனிப்பட்ட செலவு என்று சொல்லி வரிச் சலுகையை மறுக்கிறது சட்டம். செலவு தனிப்பட்டதென்றால் முடிவும் தனிப்பட்டதுதான், அதில் ஊருக்குப் பங்கில்லை.