இணையமும் எம்மூர் எழுத்தும்

ஓரூரார் தம்மைப் பற்றித் தம் மொழியில் எழுதி இணையத்தில் இடுவனவற்றை உள்ளூர் உள்ளடக்கம் என இக்காலத்தார் வழங்குவர். கைத்தொலைபேசியுடைய மாணவன் நயாகரா நீர்வீழ்ச்சியின் உயரத்தை நொடியில் அறிவான். தன்னூர்க் குளத்தை வெட்டுவித்தவர் யாரென வினவினாலோ அப்பொறி பெரும்பாலும் வாய் திறவாது. குற்றம் பொறியினதன்று. நாம் இடாததை அஃது எங்ஙனம் எடுத்துத் தரும்?

இதில் நமக்குள்ள அக்கறை பிறரினும் பெரிது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. வேறெங்கும் படியில்லாதனவும் அவற்றுள் இருந்தன. 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் மின்படியாக்கி, எவரும் விலையின்றிப் படிக்க வைத்துள்ளது. இனி ஒரு கட்டடம் எரிந்தால் எல்லாம் எரிந்தன என்னும் நிலை இல்லை.

ஆயினும் இணையத்தில் இருத்தல் வேறு; தேடுவார்க்கு அகப்படுதல் வேறு. இவ்விடத்திற் சிறிது நின்று நோக்குவாம். பக்கத்தைப் படம்பிடித்து இட்டால் நம் கண்ணுக்கு அஃது எழுத்து. தேடுபொறிக்கோ வெறும் படம். அதனை எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் உள; எனினும் பழைய அச்செழுத்துக்களில் அவை தடுமாறும். மற்றொரு சிக்கலை நம்மவருட் பலர் அறியார். பல்லாண்டுகளாக நம் நாட்டு அச்சகங்கள் பலவும் 'பாமினி' எழுத்துருவிலேயே தமிழைக் கோத்து வந்தன. திரையில் 'யாழ்' எனத் தோன்றுவது, கணினியினுள்ளே மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும்! அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற கோவையே காண்போம். தேடுபொறியும் அதனைத் தமிழெனக் கொள்ளாது. ஒருங்குறியில் எழுதிய தமிழுக்கு இவ்விடர் இல்லை. பாமினியை ஒருங்குறியாக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வேண்டுவது ஒரு மாலைப்பொழுதும் பிழை திருத்தும் பொறுமையுமே.

'.இலங்கை' எனத் தமிழிலேயே தளமுகவரி முடியும் வசதி 2010இல் வந்தது. வாசற்பெயர் தமிழாயிற்று; உள்ளே வைப்பது யாது?

கல்லூரி மலர்களையே எடுத்துக்கொள்வோம். சில நூறு படிகளே அச்சாகும் அவற்றில் விடுதி வாழ்க்கையும், துடுப்பாட்ட ஓட்டக்கணக்கும், மறைந்த ஆசிரியர் வரலாறும் உள. இவற்றுட் பல வேறெந்நூலிலும் இல. மாணவர் சிலர் தம்மூர் வரலாற்றைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத விழைகின்றனர். நன்று. ஆனால் அங்கே வாய்மொழி போதாது. அச்சிட்ட சான்று கேட்பர். ஆதலின் மலர்கள் மின்னேறுதல் முன்னே நிகழவேண்டும். பழைய மாணவர் எவர் வீட்டு அலுமாரியிலேனும் முந்திய மலர்கள் இருப்பின், கறையான் கண்டுகொள்ளுமுன் படியெடுக்கத் தந்துதவுக.