எந்த 7?

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டி வீட்டில் பழைய தோட்டப் படங்கள் இருக்கும். கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களை விட்டுப் பல குடும்பங்கள் வெளியேறிவிட்ட நிலையில், அந்தப் படங்களே அங்கு வாழ்ந்ததற்குச் சான்று. அவற்றைக் கணினியில் தொகுக்க எண்ணினால், தரவுத்தளத்தை எப்படி அமைப்பீர்கள்?

ஊர், தோட்டம், பள்ளி, கோயில் ஆகியவற்றுக்கு ஆளுக்கோர் அட்டவணை வேண்டும். படங்களுக்கும் தனி அட்டவணை. ஆனால் ஒரு படம் பள்ளியுடையதாக இருக்கும். இன்னொன்று கோயிலுடையதாக இருக்கும். எதோடு இணைப்பது?

பெயரை மட்டும் எழுதினால் குழப்பம். புக்கிட் ரோத்தான் என்பது ஊர். புக்கிட் ரோத்தான் பாரு தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பள்ளியும் உண்டு. எண்ணை மட்டும் எழுதினாலும் குழப்பம்தான். 7 என்றால் தோட்டம் 7-ஆ, பள்ளி 7-ஆ, கோயில் 7-ஆ?

ஆகவே, படத்தின் பதிவில் இரண்டு கட்டங்கள் வையுங்கள்:

வகை: பள்ளி
எண்: 7

இரண்டும் சேர்ந்தால்தான் முகவரி முழுமையாகும். இதைப் பல்லுருத் தொடர்பு எனலாம். லாராவெல், ரூபி ஆன் ரெயில்ஸ் போன்ற மென்பொருள் கட்டமைப்புகளில் இந்த வசதி உண்டு. நாளை காற்பந்துக் குழுக்களைச் சேர்த்தாலும் படங்களின் அட்டவணையை மாற்ற வேண்டியதில்லை.

பெயர் மாறினாலும் கவலையில்லை. 2007-இல் பத்தாங் பெர்ஜுந்தை, பெஸ்தாரி ஜெயா ஆனது. ஊர் அட்டவணையில் ஓரிடத்தில் திருத்தினால் போதும். எண் மாறாததால் படங்கள் தொடர்பை இழப்பதில்லை.

ஆனால் ஒரு குறை உண்டு. அயல் திறவுகோல் ஒரு குறிப்பிட்ட அட்டவணையை மட்டுமே சுட்டும். இங்கோ எண் 7 எந்த அட்டவணைக்கும் உரியதாக இருக்கலாம். அதனால் அந்த எண் உண்மையில் இருக்கிறதா என்று தரவுத்தளம் தானாகச் சரிபார்க்காது. யாராவது பள்ளி 7-ஐ அழித்துவிட்டால், அதன் படங்கள் யாருடையவை என்று தெரியாமல் கிடக்கும்.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, படம்-பள்ளி, படம்-கோயில் என வகைக்கோர் இணைப்பு அட்டவணை அமைப்பது. அப்போது அயல் திறவுகோல் காவல் காக்கும். வகைகள் குறைவாக இருந்தால் இதுவே நல்லது. மற்றொன்று, சரிபார்ப்பு நிரலை நாமே எழுதுவது.

எவ்வழியானாலும், மூடப்பட்ட தோட்டத்தின் பதிவை அழிக்காதீர்கள். ‘மூடப்பட்டது’ என்று குறித்து வையுங்கள். நிலத்தில் இல்லாத தோட்டம் பதிவிலாவது இருக்கட்டும்.

பயிற்சி: ஒரே படத்தில் பள்ளியும் கோயிலும் தெரிகின்றன. இரண்டு கட்டங்கள் போதுமா? வரைந்து பாருங்கள்.