வீட்டு வாகனத்திற்குப் புதிய டயர்

படுக்கையும் சமையலறையும் கொண்ட கேரவன் ஆண்டின் பல மாதங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆதலால் அதன் டயர் தேய்வதற்கு முன்பே மூப்படைகிறது. பள்ளங்கள் ஆழமாக இருப்பதைக் கண்டு நாம் நம்பிப் புறப்படுகிறோம். ரப்பரோ இறுகி விரிசல் கண்டிருக்கக்கூடும். நெடுஞ்சாலையில் டயர் வெடித்தால் ஆபத்து குடும்பம் முழுவதற்கும். எனவே வாங்கும்போது விலைக்கு முன் வயதையும் சுமையையும் பார்ப்போம்.

வயது: டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் உண்டு. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் உருவானது. கடையில் நெடுநாள் கிடந்ததைத் தவிர்ப்போம்.

சுமை: நீர்த்தொட்டியை நிரப்பி, பயணப் பொருள்களையும் ஏற்றி, ஒவ்வோர் அச்சையும் எடைமேடையில் நிறுப்போம். 100 லிட்டர் நீரே 100 கிலோ. சுமைக் குறியீடு 121 உள்ள டயர் 1,450 கிலோ வரை தாங்கும். வாகன உற்பத்தியாளர் குறித்ததற்குக் குறைந்த குறியீடு ஆகாது.

பொருத்திய பின் பேண வேண்டியது காற்றழுத்தம். டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிச் சூடேறியதும் அழுத்தம் உயரும். அதைக் கண்டு காற்றை இறக்குவது தவறு. காற்றுக் குறைவே டயரை மிகையாகச் சூடேற்றி வெடிக்கச் செய்கிறது. நிறுத்திவைக்கும் மாதங்களில் டயர்களை வெயில் படாமல் மூடுவோம். ஸ்டெப்னிக்கும் மூப்பு உண்டு.

ஐந்து ஆண்டுகள் கடந்தால் ஆண்டுதோறும் வல்லுநரிடம் காட்டுவோம். பத்தாண்டு கடந்ததை நீக்கிவிடுவோம். இது முன்பே தெரிந்த செலவு. மாதந்தோறும் தொடர் வைப்பில் சிறிது சேர்த்துவந்தால், பணமில்லையென்று பழைய டயரிலேயே இன்னுமொரு பயணம் போக நேராது.