சட்டம் தடுக்காதது நீதியாகுமா?

"சட்டத்தில் இடமிருக்கிறதே, பிறகென்ன குற்றம்?" என்று கேட்போர் நம்மிடையே பலர். சட்டம் தடுக்காதவை எல்லாம் நல்லவையா? ஒழுக்க மெய்யியலின் அடிப்படைக் கேள்விகளுள் இதுவும் ஒன்று.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவீனாஸ் இதற்குத் தெளிவான விடை தந்தார். மனிதர் இயற்றும் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடைசெய்வதில்லை. பெரும்பாலோரால் தவிர்க்கக்கூடிய கொடிய தீமைகளையே, சிறப்பாகப் பிறருக்குத் தீங்கிழைத்துச் சமூக வாழ்வைக் குலைப்பவற்றையே தடைசெய்கிறது என்றார். களவைச் சட்டம் தண்டிக்கும், பேராசையைத் தண்டிப்பதில்லை. அதனாற் பேராசை புண்ணியமாகிவிடாது.

சீதனத்தை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கிய தேசவழமை அதனை ஏற்கிறது. ஆனால் எதனை ஏற்கிறது? பெற்றோர் மகளுக்குக் கொடுக்கும் பங்கை; அது அவளுடைய சொத்து. மாப்பிள்ளை வீட்டார் தமக்கெனக் கேட்டு வாங்கும் 'நன்கொடை' வேறு. மனமுவந்து கொடுப்பதே நன்கொடை. தராவிட்டாற் கலியாணம் இல்லை என்று வாங்குவது விலை.

அப்படியானாற் சட்டத்தாலேயே ஒழித்துவிடலாமே என்பீர்கள். இந்தியா 1961இல் வரதட்சணையைத் தடைசெய்தது. 1986இல் வரதட்சணை மரணத்தைத் தனிக்குற்றமாக்கியது. அக்கொடுமை இன்றும் அங்கு ஒழியவில்லை. சட்டம் வீண் என்பதல்ல. பாதிக்கப்பட்டவள் முறையிட அது வழி திறக்கிறது. ஆனால் கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து மறைத்தால் எந்த நீதிமன்றம் காணும்? அங்கே காவல் நிற்க வேண்டியது மனச்சாட்சியே.

திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதமே. எந்த மனித அதிகாரமும் அதற்கு ஈடாகாது என்கிறது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். காணியும் நகையும் காசும் அச்சம்மதத்தின் பகுதியல்ல.

"மகனுக்கு வாங்காவிட்டால் என் பெண்பிள்ளைகளை எப்படிக் கரைசேர்ப்பது?" இது வெறும் சாட்டல்ல, பல தகப்பன்மாரின் உண்மையான வேதனை. எனினும் நமக்கு நேர்ந்த அநீதியை இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதால் அது நீதியாகாது. அந்தச் சங்கிலி எங்கேனும் ஒரு வீட்டில் அறவேண்டும். மகனைப் பெற்ற வீட்டுக்கே அதற்கு வாய்ப்பு அதிகம்.

சிந்தனைக்கு:

1. உங்கள் வீட்டுக் கலியாணப் பேச்சில் எது மகளின் பங்கு, எது மாப்பிள்ளையின் விலை?

2. சட்டம் கேளாத இடத்தில் உங்களைக் கேட்பது யார்?