வெளுக்க வைக்கும் கிறீமும் திரும்பாத காசும்



கால்சாவில் வசிக்கும் அக்கா ஒருவர் அண்மையில் ஒரு சிறிய டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். கைத்தொலைபேசியில் விளம்பரம் பார்த்து 49 யூரோவுக்கு எடுத்த முகக் கிறீம். "14 நாட்களில் நிறம் மாறும், இல்லையேல் பணம் திரும்பத் தரப்படும்" என்று போட்டிருந்ததாம். மூன்றாம் நாளே கன்னம் சிவந்து எரியத் தொடங்கிவிட்டது. விற்றவருக்கு எழுதினால், "டப்பாவைத் திறந்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது" என்று பதில்.

"திறக்காமல் எப்படித் தம்பி பூசுறது?" என்றார் அக்கா. நியாயமான கேள்விதான்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். எரிவு வந்தால் பூசுவதை உடனே நிறுத்தி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு உங்கள் மெதிக்கோ தி பாசேயிடம் போங்கள். கோபத்தில் டப்பாவை எறிந்துவிட வேண்டாம். இப்படி விற்கப்படும் வெளுக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம், ஹைட்ரோகுயினோன், கடுமையான ஸ்டீரொயிட் ஆகியவை கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. பாதரசம் தோல்வழியாக உள்ளே போய் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பூசிய கையாலும் துவாயாலும் பிள்ளைகளுக்கும் தொற்றும். ஸ்டீரொயிட் முதலில் முகத்தைப் பளிச்சென்று காட்டும். நாட்போக்கில் தோல் மெலிந்து, நிறுத்தியதும் முன்னரைவிட மோசமாகும். "பூசும்போது நல்லாத்தான் இருந்தது" என்று பலர் சொல்வதன் காரணம் இதுவே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் அழகுப்பொருளில், அதற்குப் பொறுப்பானவரின் ஐரோப்பிய முகவரியும், சேர்க்கப்பட்ட பொருட்களும், தொகுதி இலக்கமும் இருக்க வேண்டும். அக்காவின் டப்பாவில் இருந்தது ஒரு பெண்ணின் படமும் ஒரு தொலைபேசி இலக்கமும் மட்டுமே.

இனிக் காசு. விற்றவர் சொன்னது பாதி சரி. இணையத்தில் வாங்கிய பொருளை, கையில் கிடைத்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். சுகாதாரத்தின் பொருட்டு முத்திரையிட்ட பொருளைத் திறந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஆனால் அது மனம் மாறித் திருப்புபவருக்கான விதி. விளம்பரத்தில் சொன்ன குணம் பொருளில் இல்லையென்றால் கதை வேறு. 2005ஆம் ஆண்டின் பாவனையாளர் சட்டத் தொகுப்பின்படி அதற்கு 2 வருட உத்தரவாதம் உண்டு. டப்பா திறந்ததா இல்லையா என்பது அங்கே தடையில்லை. போதாததற்கு, பணம் தருவோம் என்று எழுதியதும் அவர்களேதான்.

விளம்பரத்தைப் படம்பிடித்து வையுங்கள். நாளைக்கு அது இருக்காது. பிறகு ரக்கோமந்தாத்தா கடிதம், பற்றுச்சீட்டின் பிரதியுடன். தொலைபேசியில் சண்டை பிடிப்பதால் எந்த ஆதாரமும் மிஞ்சாது. விற்றவர் வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் இருந்தால், இத்தாலியிலுள்ள ஐரோப்பியப் பாவனையாளர் நிலையம் இலவசமாக உதவும். ஒன்றியத்துக்கு வெளியே என்றால் காசை மீட்பது கடினம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ரோமிலுள்ள போட்டி மற்றும் சந்தை அதிகாரசபைக்கும் முறையிடலாம், செலவில்லை. 2010 டிசம்பரில் "பவர் பலன்ஸ்" கைவளையத்துக்கு, அணிந்தால் உடற்சமநிலையும் பலமும் கூடும் என்ற ஆதாரமற்ற விளம்பரத்துக்காக 3 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது அந்தச் சபைதான். ஆனால் தண்டப்பணம் அரசுக்குப் போகும், உங்கள் 49 யூரோ அதில் வராது. அதற்கு ஜூதிச்சே தி பாச்சே இருக்கிறார். 1,100 யூரோவுக்கு உட்பட்ட வழக்கில் சட்டத்தரணி இல்லாமலே நிற்கலாம். வழக்கும் விற்றவரின் ஊரில் அல்ல, நாம் வசிக்கும் பலெர்மோவிலேயே நடக்கும்.

சின்னத் தொகைக்கு யார் மினக்கெடுவது என்பீர்கள். டில்லியில் ஒருவர் 2013இல் 79 ரூபாவுக்கு "ஃபெயர் அண்ட் ஹான்ட்சம்" கிறீம் வாங்கி, வெளுக்கவில்லை என்று வழக்குப் போட்டார். நல்ல சாப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்தால்தான் பலன் கிடைக்கும் என்று இமாமி நிறுவனம் வாதாடியது. அது பெட்டியில் எங்கே எழுதியிருக்கிறது என்றது மன்றம். 2024 டிசம்பரில் பாவனையாளர் மன்றம் விதித்த தண்டம் 14.5 இலட்சம் ரூபா. பதினொரு வருடம் அலைந்தவருக்கு அதில் 50,000. மிச்சம் பாவனையாளர் நல நிதிக்கு.

அக்காவின் பொதியில் அனுப்பியவர் முகவரி மிலானில் இருந்தது. கடிதம் போய்விட்டது, பதில் இன்னும் இல்லை. கன்னத்தின் சிவப்பு குறைந்துவருகிறது. டப்பா பத்திரமாக அலுமாரியில் இருக்கிறது.