சகபாடிகளின் அழுத்தம்



ஒருமுறை வரலாற்று வகுப்பிலே ஒரு பகுதியைப் படிப்பித்து முடித்துவிட்டு, "விளங்காத ஆக்கள் கையை உயர்த்துங்கோ" என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. வகுப்பு முடிந்து சைக்கிள் எடுக்கும் இடத்தில் ஐந்து பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து, "ரீச்சர், கடைசிப் பகுதி விளங்கேல்லை" என்றார்கள். மற்ற நால்வருக்கும் விளங்கவில்லை என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கையை உயர்த்த வேண்டாமென்று எவரும் தடுக்கவுமில்லை.

இதுவும் சகபாடிகளின் அழுத்தமே. தமது குழுவோடு ஒத்துப்போகும்படி சமவயதினர் ஒருவர்மீது நேராகவோ மறைமுகமாகவோ செலுத்தும் செல்வாக்கு என இதனை எழுதலாம். 'மறைமுகமாக' என்ற சொல்லைப் பலர் விட்டுவிடுகின்றனர். விடையில் பாதி அதிலேதான் உள்ளது.

1951 இல் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் தாம் நடத்திய பரிசோதனை ஒன்றின் முடிவுகளை வெளியிட்டார். ஓர் அட்டையில் ஒரு கோடு, மற்றோர் அட்டையில் மூன்று கோடுகள். முதலாவது கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது? சிறுபிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவர் மட்டுமே உண்மையான பங்குபற்றுநர். ஏனையோர் வேண்டுமென்றே ஒரே பிழையான விடையைச் சொல்ல ஒழுங்கு செய்யப்பட்டவர்கள். அவ்வாறு பிழை சொல்லப்பட்ட தடவைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் அந்த ஒருவரும் பிழையையே சொன்னார். நான்கில் மூன்று பங்கினர் ஒரு தடவையாவது பணிந்தனர். கண்ணால் கண்டதையே மாற்றிச் சொன்னார்கள், பாருங்கள்!

அடுத்ததை நன்றாக மனதில் இருத்துங்கள். குழுவிலே இன்னும் ஒரேயொருவர் சரியான விடையைச் சொன்னபோது, பணிந்த தடவைகள் நூற்றுக்கு ஐந்து அளவுக்குக் குறைந்துவிட்டன. ஒருவர் போதும். எனவே நண்பர் கூட்டம் முழுவதையும் எதிர்த்து வெல்ல வேண்டியதில்லை. அதற்குள் உங்களைப் போலவே மனதுக்குள் தயங்கும் இன்னொருவர் இருப்பார். அவரை முன்கூட்டியே தனியாகக் கண்டு கதைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தத்துக்குப் பணிவது பிள்ளைகள் மட்டுமல்ல. 1824 இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ அம்மையார் நமது உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். பெண்பிள்ளை படிப்பதை ஊர் ஏற்காத காலம் அது. முதலில் மகளை அனுப்பிய பெற்றோர் ஊர்வாய்க்கு எவ்வளவு அஞ்சியிருப்பர்! அடுத்து அனுப்பியவர்களுக்கோ அவர்கள் துணையாயினர்.

தடுக்க ஒருவரும் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்குப் பகிடிவதை கொடிய உதாரணம். 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீட மாணவர் ஒருவர் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மறுவருடம் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்யும் சிரேஷ்ட மாணவர்களும் ஒரு காலத்தில் உங்களைப்போல் சாதாரண தரத்துக்குப் படித்தவர்களே. கூட்டத்தோடு நிற்கும்போது, தனியே செய்யத் துணியாததை மனிதர் செய்கின்றனர்.

இனிப் பரீட்சைக்கு வருவோம். "நண்பர்கள் சிகரட் புகைக்குமாறு வற்புறுத்தினால் நீர் என்ன செய்வீர்?" என்று கேட்டால், "மறுப்பேன்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்த வேண்டாம். எப்படி மறுப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள்: கோபப்படாமல், கெஞ்சாமல், காரணத்தை நீட்டாமல். "எனக்கு வேண்டாமடா. நான் வகுப்புக்குப் போறன், நீயும் வாறியே?" இந்தப் பதிலில் மறுப்பும் உண்டு, நட்பும் உண்டு, அந்த இடத்தைவிட்டு விலக வழியும் உண்டு. நீண்ட காரணம் சொன்னால் அதை வெட்டிப் பேச நாலு பேர் இருப்பர். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்வதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அழுத்தம் முழுவதும் தீயதென்றும் எழுதிவிடாதீர்கள். கூட்டாளி விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிக்கிறான் என்று கேள்விப்பட்டுத்தான் நானும் அந்த நாளில் எழும்பினேன். (அவன் படிக்கவேயில்லை என்பது பெறுபேறு வந்தபின்பே தெரிந்தது!)

பயிற்சி: உமது வகுப்பில் ஒரு மாணவரின் பட்டப்பெயரைச் சொல்லி எல்லோரும் சிரிக்கின்றனர். உமக்கு அது பிடிக்கவில்லை. (அ) இங்குள்ள மறைமுக அழுத்தம் யாது? (ஆ) முதலில் யாரிடம், என்ன சொல்வீர்? சொல்லும் வார்த்தைகளையே எழுதுக.