ஒரு வகுப்பு வலையொலியின் பெயர் மாற்றம்: நான் கற்றவை

"டீச்சர், இந்த வாரம் நான் வரல" என்றான் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். எங்கள் வலையொலியில் அதுவரை பன்னிரண்டு பகுதிகளில் பேசியவன். திக்கித் திக்கி வாசித்துக்கொண்டிருந்தவன், தன் சொந்தக் குரலைக் கேட்டுக் கேட்டே சரளமாக வாசிக்கத் தொடங்கியவன். ஏன் என்று கேட்டதற்கு நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அதுல பேசுனா எல்லாரும் 'மெல்ல'ன்னு கூப்புடுறாங்க டீச்சர்" என்றான்.

எங்கள் வலையொலியின் பெயர் 'மெல்ல மெல்ல'. 2018 ஜூலையில் தொடங்கியபோது நான் வைத்த பெயர். வாசிப்பில் பின்தங்கிய ஆறு பேரை வைத்துக்கொண்டு, காலையில் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையில் கிடைக்கும் சில நிமிடங்களில், என் கைப்பேசியில் பதிவு செய்யத் தொடங்கினேன். அவசரப்படாமல் வாசிக்கலாம் என்ற ஆறுதலைத்தான் அந்தப் பெயரில் வைத்ததாக நினைத்தேன். ஆனால் நம் பள்ளிகளில் 'மெல்லக் கற்போர்' என்ற சொல் பதிவேடுகளிலும் கூட்டங்களிலும் புழங்குவது பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன? ஆசிரியர் அறையில் நாம் பேசுவது சன்னல் வழியே வகுப்புக்குப் போய்விடுகிறது. ஐந்து ஆண்டுகளில் அந்த ஆறு பேர் ஐம்பது பேராகி, நன்றாக வாசிப்பவர்களும் ஊர்ப் பெரியவர்களும் வலையொலிக்குள் வந்துவிட்டார்கள். ஆனாலும் பெயர் பழைய பட்டியலையே நினைவுபடுத்திக்கொண்டிருந்தது.

பெயரை மாற்றியே தீர வேண்டும் என்று அன்று மாலையே முடிவு செய்தேன். அந்த முடிவில் பிழையில்லை. அதன் பிறகு நான் செய்தவற்றில் பெரும்பாலானவை பிழை. வகுப்பு வலையொலி, வானொலி, சுவரிதழ் எதையாவது ஆண்டுக்கணக்கில் நடத்திவரும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் அவற்றை எழுதுகிறேன்.

2023 கோடை விடுமுறையில், பிள்ளைகள் யாரும் இல்லாதபோது, நானே உட்கார்ந்து புதுப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்: 'செவிச்செல்வம்'. திருக்குறளின் கேள்வி அதிகாரத்துச் சொல். தமிழாசிரியைக்கு வேறென்ன தோன்றும்? புது முகப்புப் படம் வரைந்தேன். புதுப் பின்னணி இசை சேர்த்தேன். கூடவே, இலவசமாகக் கோப்புகளை வைத்திருந்த பழைய தளத்தை விட்டு வேறொரு தளத்துக்கும் மாறினேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்ட பெருமிதம் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்வரை நீடித்தது.

முதல் அடி பெற்றோரிடமிருந்து வந்தது. ஒரு தந்தை, "சீட்டுக் கம்பெனி விளம்பரம் ஏதோ போன்ல வருது டீச்சர், அழிச்சிட்டேன்" என்றார். அவர் அழித்தது எங்கள் வலையொலியை. 'செல்வம்' என்ற சொல்லும் நான் வரைந்த தங்க நிறப் படமும் சேர்ந்து அவருக்கு அப்படித் தோன்றியிருக்கின்றன. பேரனின் குரலுக்காகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டுவந்த பாட்டி ஒருவர் பள்ளி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "யாரோ என்னமோ பேசுது டீச்சரம்மா. நம்ம பள்ளிக்கூடத்து மணிச் சத்தமே கேக்கலயே" என்றார்.

அவர் சொன்னது உண்மை. நாங்கள் இரண்டாம் மணி அடிக்கும்வரைதான் பதிவு செய்வோம் என்பதால், பழைய பகுதிகள் எல்லாமே எங்கள் பள்ளியின் தண்டவாளத் துண்டு 'ணங்' என்று ஒலிப்பதோடு முடியும். அதை இரைச்சல் என்று கருதிப் புதிய பகுதிகளில் வெட்டிவிட்டேன். பெயரைப் படிக்கத் தெரியாத அந்தப் பாட்டிக்கு எங்கள் வலையொலி என்பதே அந்த மணிதான்.

இதை யோசித்தபோது நம் வானொலியின் வரலாறு வேறுவிதமாகப் புரிந்தது. 1930இல் 'இந்தியன் ஸ்டேட் பிராட்காஸ்டிங் சர்வீஸ்' என்றிருந்தது, 1936 ஜூனில் 'ஆல் இந்தியா ரேடியோ' ஆனது. பின்னர் 'ஆகாசவாணி' என்ற பெயரும் சேர்ந்தது. 2023 மே மாதத்தில் ஒலிபரப்பில் 'ஆகாசவாணி' என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. நாமோ எப்போதும் 'வானொலி' என்றே சொல்லிப் பழகியவர்கள். இத்தனை பெயர்களுக்கு இடையிலும், வால்டர் காஃப்மன் அமைத்ததாகச் சொல்லப்படும் அந்த அதிகாலை முகப்பிசையைக் கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் நொடியில் அடையாளம் சொல்வார்கள். கடலுக்கு அந்தப்பக்கம் 'ரேடியோ சிலோன்' 1967இல் கூட்டுத்தாபனமாகி, 1972இல் நாட்டின் பெயரோடு சேர்ந்து தன் பெயரையும் மாற்றிக்கொண்டது. என் அப்பா கடைசிவரை அதைச் 'சிலோன் ரேடியோ' என்றுதான் சொன்னார். பெயர் மாற்றுகிறவர் நினைக்கும் வேகத்தில் கேட்பவர் மாறுவதில்லை. கேட்பவர் எதைப் பிடித்துக்கொண்டு நம்மைத் தேடி வருகிறார் என்று முதலில் விசாரித்திருக்க வேண்டும்.

இரண்டாவது அடி தொழில்நுட்பத்தில். இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எனக்கு யாரும் சொல்லவில்லை. வலையொலி என்பது செயலிக்குள் இருக்கும் பொருளன்று. ஒலிக்கோப்புகள் ஏதோ ஒரு தளத்தில் இருக்கும். அவற்றின் தலைப்பு, தேதி, இடம் எல்லாம் ஒரு பட்டியலாக எழுதப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலைத்தான் ஃபீட் என்கிறார்கள். கேட்பவரின் செயலி அவ்வப்போது அந்தப் பட்டியலின் முகவரிக்குப் போய்ப் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவரும். நாம் பெயரை மட்டும் மாற்றினால் பட்டியலில் ஒரு வரிதான் மாறும். முகவரி அதேதான். கேட்பவருக்கு ஒன்றும் குறையாது.

தளத்தை மாற்றினால் கதை வேறு. முகவரியே மாறிவிடுகிறது. பழைய வீட்டுக் கதவில் 'இன்ன தெருவுக்குக் குடிபோய்விட்டோம்' என்று எழுதி ஒட்டுவதுபோல, பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டைப் பழைய தளத்தில் செய்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். ரீடைரக்ட் என்பது இதுதான். குறைந்தது நான்கு வாரமாவது அதை விட்டுவைக்கச் சொல்கிறது ஆப்பிள் நிறுவனம். பள்ளி வலையொலிக்கு ஓராண்டு விட்டுவைப்பது நல்லது என்பது என் கருத்து, விடுமுறையில் ஊருக்குப் போனவர்கள் எப்போது திரும்பித் திறப்பார்கள் என்று சொல்ல முடியாது.

நான் திருப்பிவிடவும் இல்லை, அறிவிப்பு ஒட்டவும் இல்லை. வகுப்புச் சுவரிலும் பிள்ளைகளின் குறிப்பேடுகளிலும் ஒட்டியிருந்த கியூஆர் குறியீடுகள் ஒரே நாளில் செத்துப்போயின. போதாக்குறைக்கு, ஒவ்வொரு பகுதிக்கும் பட்டியலில் ஒரு நிரந்தர அடையாளக் குறி உண்டு என்பதும் எனக்குத் தெரியாது. கோப்புகளை ஒவ்வொன்றாக நானே மீண்டும் ஏற்றியதால் அந்தக் குறிகள் மாறிவிட்டன. புதிய முகவரியைத் தேடிச் சேர்ந்த சிலரின் செயலி, ஏற்கெனவே கேட்ட 140 பகுதிகளையும் புதியவை என்று எண்ணி இறக்கத் தொடங்கிவிட்டது. மதியத்துக்குள் அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துபோன பெற்றோர் இருவர் வகுப்புக் குழுவில் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டாம்.

மூன்றாவது, இன்றும் எனக்கு உறுத்துவது.

பழைய பெயர் எங்கும் கேட்கக் கூடாது என்பதற்காக, பழைய பகுதிகள் எல்லாவற்றிலும் முதல் இருபது நொடியை வெட்டினேன். வெட்டியதை அதே கோப்பின் மேலேயே சேமித்தேன். 2019இல் பதிவு செய்த ஒரு பகுதியில், ஒரு மாணவி தன் தாத்தாவிடம் பேசியிருந்தாள். ஏரி மதகைத் திறந்து வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும் வேலையை நாற்பது ஆண்டு பார்த்தவர் அவர். 2021இல் இறந்துவிட்டார். வெட்டிய பகுதியைக் கேட்டுவிட்டு மாணவியின் அம்மா பள்ளிக்கு வந்தார். கோபப்படவில்லை. "அப்பா சிரிச்சது இல்லையே டீச்சர்" என்றார்.

பகுதியின் தொடக்கத்தில் பேத்தி, "சொல்லு தாத்தா, மெல்ல மெல்ல" என்று சொல்லிக்கொடுக்க, அவர் அதை ஒரு பாட்டுப்போல இழுத்துச் சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறார். தண்ணீர் முறை பற்றிய செய்திகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அந்த அம்மா மாதம் ஒரு முறை கேட்டது அந்த இருபது நொடியைத்தான்.

என் மடிக்கணினியில் மூலக்கோப்பு இல்லை. பழைய தளத்தின் கணக்கை மூடிவிட்டேன். மூன்று வாரம் எல்லாரிடமும் கேட்டோம். கடைசியில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மாணவியின் மாமாவின் கைப்பேசியில், வாட்ஸ்அப்பில் எப்போதோ பகிரப்பட்ட பிரதி ஒன்று கிடைத்தது. ஒலி கொஞ்சம் மங்கல்தான். சிரிப்பு இருந்தது. அன்றிலிருந்து மூலக்கோப்புகளை வெளிவன்வட்டு ஒன்றிலும் பள்ளிக் கணினியிலுமாக இரண்டு இடங்களில் வைக்கிறேன். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் பிரதியில் மட்டும்.

பிறகு எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினோம். இம்முறை பிள்ளைகளோடு. கரும்பலகையில் இருபதுக்கு மேல் பெயர்கள் சேர்ந்தன. வாக்கெடுப்புக்கு முன் மூன்று சோதனைகள் வைத்தோம். ஒன்று, பெயரை வீட்டில் ஒரு பெரியவரிடம் ஒரே முறை சொல்ல வேண்டும், மறுநாள் அவருக்கு அது நினைவிருக்கிறதா என்று கேட்டுவர வேண்டும். 'செவிச்செல்வம்' இதிலேயே விழுந்திருக்கும். இரண்டு, பெயரைச் செயலியில் தேடிப் பார்க்க வேண்டும். 'திண்ணை' என்ற பெயரை நிறைய பேர் விரும்பினார்கள், தேடினால் ஊர்ப்பட்ட திண்ணைகள் வந்து நின்றன. பெற்றோர் பலர் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தட்டித் தேடுகிறார்கள் என்பதையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ழகரம் உள்ள பெயரை ஆளுக்கொரு விதமாகத் தட்டினார்கள். அந்தப் பாடவேளை முழுவதும் ல, ள, ழ வேறுபாட்டுப் பாடமாகவே போயிற்று. நான் திட்டமிட்டிருந்தால்கூட அவ்வளவு நன்றாக நடந்திருக்காது. மூன்று, படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினாலும் பெயர் படிக்க வர வேண்டும். முகப்புப் படத்தை 3000 படப்புள்ளி சதுரமாக வரைகிறோம், கேட்பவர் பார்ப்பதோ நகமளவு. நீளமான தமிழ்ப் பெயர்கள் அங்கே எறும்பு வரிசையாகிவிடுகின்றன.

நின்ற பெயர் 'முதல் மணி'. அதையும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகத் தட்டுகிறார்கள், இருக்கட்டும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தண்டவாள மணி திரும்ப வந்தது. விளக்கக் குறிப்பில் 'முன்பு மெல்ல மெல்ல' என்று ஓராண்டு போட்டு வைத்தோம். பெற்றோரிடம் ஏற்கெனவே வாங்கியிருந்த ஒப்புதல் கடிதங்களில் பழைய பெயர் இருந்ததால், புதிய பெயருக்கும் தளத்துக்கும் மறுபடி கையொப்பம் வாங்கச் சொன்னார் தலைமையாசிரியர். எனக்குத் தோன்றவே தோன்றாதது அது. பிள்ளைகளின் குரல் பொதுவெளியில் இருக்கிறது, எந்தப் பெயரில், எந்த இடத்தில் இருக்கிறது என்பது வீட்டுக்குத் தெரிய வேண்டும். 2024இல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் செயலியே மூடப்பட்டபோது இந்த அனுபவம் கைகொடுத்தது. எங்கள் ஃபீட் முகவரியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்ததால், வேறு செயலிக்கு மாறுவதைப் பிள்ளைகளே வீட்டில் செய்துகொடுத்தார்கள்.

பழைய பகுதிகளை என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சியது. அவற்றில் பழைய பெயர் ஒலிக்கிறது. அந்தப் பெயரால் காயப்பட்டவனும் வகுப்பில் இருக்கிறான். தாத்தாவின் சிரிப்பும் அதே பெயரில்தான் இருக்கிறது. எனக்கு விடை தெரியவில்லை, அவனையே கேட்டேன். தாத்தாவின் பகுதியை முழுவதும் கேட்டான். "பழசு அப்படியே இருக்கட்டும் டீச்சர். புதுசுல மட்டும் சொல்லாம இருந்தா போதும்" என்றான். வெட்டுப்பட்டவற்றில் வாட்ஸ்அப் பிரதி கிடைத்தவற்றை எல்லாம் திரும்பச் சேர்த்து, 'முதல் பருவம்' என்று தனியாக வைத்தோம். பெயர் மாற்ற அறிவிப்பை யார் வாசிப்பது என்று கேட்டபோது அவனே கையைத் தூக்கினான். ஒரே எடுப்பில் வாசித்து முடித்தான்.

இந்த ஆண்டு எங்கள் பள்ளிக்கு மின்சார மணி வந்துவிட்டது. தண்டவாளத் துண்டை இறக்கிப் பழைய இரும்போடு போட இருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தலைமையாசிரியரிடம் விண்ணப்பம் எழுதிக்கொடுத்து அதை வாங்கி வந்து, நாங்கள் பதிவு செய்யும் அறையின் சன்னல் கம்பியில் கட்டியிருக்கிறார்கள். சனிக்கிழமைப் பகுதிக்காக அதை அடிக்கும் முறை யாருக்கு என்பதற்கு இப்போது தனிப் பட்டியல் ஓடுகிறது.